எஃப்.சி. இருக்கு, அப்ப வண்டியை நம்பலாமா? பழைய ஓப்பன் கார் வாங்க நினைப்பவர்களுக்கு

போன மாதம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். தேவகோட்டையில் ஒரு வீட்டில் 1970களின் மெர்சிடிஸ் ஓப்பன் கார் (மேல்கூரையை மடக்கித் திறக்கிற வகை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். சென்னையில் பல வருடம் இருந்த வண்டி, இப்போது ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். "அண்ணே, எஃப்.சி. இன்னும் மூணு வருஷம் இருக்கு. அப்ப நம்பி வாங்கலாம்ல?" என்று கேட்டான்.

எங்கள் வீட்டில் அதே மாடல் ஒன்று இருக்கிறது. ஐயா, அதாவது தாத்தா, கோலாலம்பூரிலிருந்து நேரே காரைக்குடிக்கே வந்துவிட்ட காலத்தில் கூடவே வந்த 350 எஸ்.எல். சின்ன வயதில் அதில் முன்சீட்டில் உட்கார்ந்து குன்றக்குடி தைப்பூசத்துக்குப் போனதை அவன் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் அந்த ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் அவன் கேட்ட கேள்வியில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பழைய கார் வாங்க வருகிற புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் எஃப்.சி. என்றால் என்ன என்று பார்ப்போம். லாரி, பஸ், டாக்சி மாதிரி வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குத்தான் சட்டப்படி தகுதிச் சான்று என்று தனியாக ஒரு காகிதம் உண்டு. சொந்த காருக்கு அப்படி இல்லை. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த காரின் பதிவு 15 வருடம் செல்லும், அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். நம் ஊரில் அவரை இன்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம். அவர் பார்த்து, சாலையில் ஓட லாயக்கான வண்டிதான் என்று எழுதிக் கொடுத்தால் ஆர்.சி. அடுத்த ஐந்து வருடத்துக்கு நீளும். பேச்சுவழக்கில் நாம் இதையும் எஃப்.சி. என்றே சொல்லிவிடுகிறோம். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அந்தக் காகிதம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ன தேதியில், இந்த வண்டியைப் பார்த்தவர் கண்ணுக்கு, இது சாலையில் மற்றவர்களுக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்தாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் செல்ஃப் எடுக்குமா, வழியில் நிற்காமல் திருச்சி போய்ச் சேருமா, என்ஜின் இன்னும் எத்தனை வருடம் தாங்கும், இதில் எதையும் அது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலையும் அதற்கு இல்லை.

அதாவது "ஆபத்து இல்லாத வண்டியா?" என்பது ஒரு கேள்வி. "நம்பிப் போகக்கூடிய வண்டியா?" என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு ஆமாம் என்றும் இன்னொன்றுக்கு இல்லை என்றும் பதில் வரலாம், இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் எஸ்.எல். ஒரு முறை எஃப்.சி. முடித்து மூன்றாவது வாரம் புதுக்கோட்டை போகிற வழியில், திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இரண்டு தடவை விக்கி அப்படியே நின்றுவிட்டது. நல்ல வெயில். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வந்த கோபம் முழுக்க வண்டியைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர் மேல்தான். ஆனால் கழற்றிப் பார்த்தபோது பெட்ரோல் ஃபில்ட்டர் முழுக்கத் துருப்பொடி. இரண்டு வருடம் அரை டேங்க் பெட்ரோலோடு கொட்டகையில் நிறுத்தியிருந்தோம், டேங்கின் மேல்பாதி உள்பக்கம் துருப்பிடித்திருக்கிறது, ஓட ஆரம்பித்ததும் அது உதிர்ந்து ஃபில்ட்டரில் வந்து அடைத்துக்கொண்டது. எந்த நாட்டு ஆய்விலும் டேங்குக்கு உள்ளே பார்க்க மாட்டார்கள். அதே நேரம் யோசித்துப் பாருங்கள், வண்டி நின்றபோது பிரேக் ஒழுங்காகப் பிடித்தது, ஸ்டியரிங் சொன்னபடி திரும்பியது, ஓரமாக ஒதுக்க முடிந்தது. எஃப்.சி. சொன்னது பொய்யில்லை. வண்டி ஆபத்தாக இல்லை, நம்பகமாகத்தான் இல்லை.

இதற்கு நேர் எதிர் பெரியப்பாவின் அம்பாசடர். காலையில் சாவியைத் திருகினால் முதல் சுற்றிலேயே எடுக்கும், எத்தனை வருடமானாலும் வழியில் நின்றதே கிடையாது, ஊரில் எல்லோரும் "தங்கமான வண்டி" என்பார்கள். ஒரு நாள் பஞ்சர் ஒட்ட ஜாக்கி போட்டுத் தூக்கியபோது முன்சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஹோஸைத் தற்செயலாகப் பார்த்தோம். ரப்பர் வெடித்து, உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரிந்தது. பக்கத்திலேயே ஆயில் கசிந்து புழுதி ஒட்டியிருந்தது. அத்தனை நாளும் அதில்தான் குழந்தைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். நம்பகமான வண்டி, ஆனால் ஆபத்தான வண்டி.

இந்த இரண்டு வண்டிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

ஆய்வில் என்னென்ன பார்ப்பார்கள்? சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், கண்ணாடி, டயர், பிரேக், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங் ஆட்டம், ஆயில் ஒழுகல், புகை. புகைக்கு எண்ணிலேயே அளவு இருக்கிறது: பாரத் ஸ்டேஜ் விதிகள் வருவதற்கு முந்தைய பெட்ரோல் கார் என்றால் ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பார்க்காதவை? என்ஜினின் உள்பக்கம், டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற சங்கிலி), கியர்பாக்ஸ், கூலிங், வயரிங்கின் வயசு, ஏசி. இங்கிலாந்தில் எம்.ஓ.டி. என்று ஒரு வருடாந்திர ஆய்வு இருக்கிறது, 1960இலிருந்து நடக்கிறது, ரொம்பக் கறாரான ஆய்வு என்று பேர் வாங்கியது. அதிலேயே என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையைப் பார்ப்பதில்லை என்று அரசாங்கமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

இந்த எஸ்.எல். வகைக்கு இது ரொம்ப முக்கியம். ஆர்107 என்று கம்பெனிக்குள் பெயரிட்ட இந்த மாடல் 1971இல் வந்து 1989 வரை ஓடியது, மொத்தம் 2,37,287 வண்டிகள் செய்திருக்கிறார்கள். இதன் எட்டு சிலிண்டர் என்ஜினில் டைமிங் செயினை வழிநடத்துகிற கைடுகள் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். வருடம் ஆக ஆக, சூடு பட்டுப் பட்டு, அது மொறுமொறுவென்று ஆகிவிடும். ஒரு துண்டு உடைந்து செயினுக்குள் போய் மாட்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். காலையில் எஃப்.சி. வாங்கிய வண்டிக்கு மாலையில் இது நடக்கலாம், காகிதத்தில் ஒரு தப்பும் இருக்காது. அதனால் செயினும் கைடும் எப்போது மாற்றியது என்று விற்பவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், பில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

சரி, இனி ஓப்பன் காருக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். இதை நம் வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். செட்டிநாட்டு வளவு வீட்டில் நடு முற்றத்துக்கு மேலே கூரை கிடையாது, வானம்தான். அதனால் நாலு பக்கக் கூரையின் பாரமும் முற்றத்தைச் சுற்றி நிற்கிற தூண்களிலும் அதன் மேல் ஓடுகிற உத்தரத்திலும் வந்து இறங்குகிறது. ஒரு தூண் அடியில் கரையான் அரித்தால் போதும், முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுவர் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அந்தப் பக்கம் கூரை இறங்க ஆரம்பித்துவிடும். ஓப்பன் காரும் அப்படியேதான். மூடிய காரில் கூரையும் பக்கத் தூண்களும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி வண்டியை வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. கூரையை எடுத்துவிட்டால் அந்த வேலை முழுக்கத் தரைக்கும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பக்கச் சட்டத்துக்கும் வந்துவிடுகிறது. ஆர்107இல் இதற்காகவே தரைத்தளத்தைத் தனியாக வலுவாகச் செய்தார்கள், வண்டி கவிழ்ந்தால் தாங்குவதற்காக முன்கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண்களையும் கெட்டியாக்கினார்கள்.

ஆகவே மூடிய காரில் பக்கச் சட்டத்தில் துரு என்றால் அது ஒரு ரிப்பேர். ஓப்பன் காரில் அதே துரு வண்டியின் முதுகெலும்பில் வந்த நோய். இந்த ஒரு வித்தியாசத்தை நீங்கள் மனதில் வாங்கிக்கொண்டால் போதும், நான் எழுதியதற்குப் பலன்.

துரு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தேங்கிய தண்ணீரிலிருந்து. முற்றத்து ஓரத்தில் மழைத்தண்ணீர் போக ஒரு துளை விட்டிருப்பார்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் அதில் வேப்பிலை அடைத்திருக்கிறதா என்று பார்த்துக் கிளறி விடுவோம் இல்லையா, அதே மாதிரி இந்தக் காரில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகிற கிராதி இருக்கிறது. அதற்குள் விழுகிற மழைத்தண்ணீர் வெளியே போக இரண்டு ஓரத்திலும் வடிகால் உண்டு. மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் சருகு விழுந்து அது அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கி, கால் வைக்கிற இடத்துக் கம்பளத்துக்கு அடியில் தேங்கி, மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் தகட்டைத் தின்னும். வெளியே பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கும். நான் பழைய ஓப்பன் கார் எதைப் பார்க்கப் போனாலும் முதலில் கம்பளத்தைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பார்ப்பேன். ஈரமோ மக்கிய வாடையோ இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துருவை மறைப்பதும் சுலபம். தகட்டை வெட்டி மாற்றாமல் மேலே பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, அடியில் கறுப்பாக அண்டர் கோட்டிங் அடித்துவிட்டால் நின்ற வாக்கில் பார்க்கிற எந்த ஆய்வாளர் கண்ணுக்கும் தெரியாது. வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் தட்டிப் பார்த்தால்தான். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பக்கச் சட்டம் முழுக்க இழுத்துக்கொண்டே போங்கள். தகடு இருக்கிற இடத்தில் இழுத்துப் பிடிக்கும், பட்டி இருக்கிற இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், பட்டி தொப்பென்று சொல்லும். இதைச் செய்ய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஜாக்கி சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும், கதவுக்கும் பின்பக்க பாடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மறுபடி திறந்து மூட வேண்டும். நல்ல சட்டம் என்றால் கதவு முன்பு மூடிய மாதிரியே மூடும். அரித்த சட்டம் என்றால் வண்டி நடுவில் மடங்கும், கதவு உராயும் அல்லது மூடவே மூடாது. தூக்கிய வண்டிக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள், ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆய்வில் பாஸானது இங்கேதான் ரொம்பச் சீக்கிரம் பொய்யாகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிய பிறகு அதுவே 155 டிகிரிதான். சமதளத்தில் ஆய்வாளர் ஒரு தடவை, இரண்டு தடவை பிரேக் போட்டுப் பார்க்கிறார், அதற்கு எந்த ஆயிலும் கொதிக்காது, பாஸ். அதே வண்டியில் கொடைக்கானல் போய்விட்டு மலை இறங்குகிறீர்கள், வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துப் பிடித்து ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகிறது. ஆவி அமுங்கிவிடும், பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆய்வு தப்பில்லை, ஆய்வு நடந்த இடம் மலை இல்லை, அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிட்டால் இந்தப் பயம் இல்லை, செலவும் பெரிதாக ஆகாது. ஓடாத வண்டிக்கும் இது பொருந்தும், ஈரம் ஏறுவதற்கு வண்டி ஓட வேண்டிய அவசியமில்லை.

ஹோஸும் அப்படித்தான். வெளியே நன்றாகத் தெரிகிற பழைய ஹோஸ் உள்ளே உப்பித் துளை சுருங்கியிருக்கலாம். அழுத்தினால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தபடியே சுற்றும். கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனலாக அடித்தால் சந்தேகப்படுங்கள்.

எஸ்.எல். வகையில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழியாகப் போகிறது, ஒன்று போனாலும் இன்னொன்றில் கொஞ்சமாவது நிறுத்தலாம். 1950களின் கார் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் ஒரே வழிதான், ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில்தான் இரட்டை வழி கட்டாயமானது. அப்படிப்பட்ட காருக்கு எஃப்.சி. கொடுக்கும்போது அது வடிவமைத்த விதத்தில் ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், இன்றைய கார் அளவுக்குப் பத்திரமா என்று பார்ப்பதில்லை. இந்த வித்தியாசத்தை வாங்குகிறவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அதற்கேற்றபடி வேகத்தையும் இடைவெளியையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

டயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதிப்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை ஓடுகிற வண்டியில் பள்ளம் இருபது வருடமானாலும் அப்படியே இருக்கும், பாஸாகிவிடும், ஆனால் ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துக்களோடு தொடங்குகிற வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முன்னால் செய்த டயர், பேசாமல் கழற்றிவிடுங்கள். எங்கள் வண்டியின் ஸ்டெப்னி அப்படித்தான் மூன்று இலக்கத்தோடு பல வருடம் டிக்கியில் புதுசு மாதிரி கிடந்தது.

இன்னொரு கேள்வி வரும்: ஆய்வையே எவ்வளவு நம்பலாம்? ஒரே வண்டியை இரண்டு இடத்தில் காட்டினால் இரண்டு விதமாகச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. கண்ணால் பார்த்து, கொஞ்சம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிற இடத்தில் பார்ப்பவரின் அனுபவம்தான் அளவுகோல். தரை மணலா தாரா என்பதும், வண்டி சூடாக வந்ததா ஆறி வந்ததா என்பதும் சேர்ந்துகொள்ளும். உருளை மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பலத்தையும் தனித்தனியாக அளக்கிற மிஷினில் பார்த்தால் இடது வலது வித்தியாசம் எண்ணாகவே கிடைக்கும், அடுத்த முறை அதோடு ஒப்பிடவும் முடியும். அதனால் எங்கே வாய்ப்பிருந்தாலும் மிஷினில் பார்த்து அந்த அச்சடித்த தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்த நாலு எண்கள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இங்கிலாந்து முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பாஸ், ஃபெயில் என்று மட்டும் விடாமல், "இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் கவனித்துக்கொள்" என்று தனியாகக் குறித்துக் கொடுப்பார்கள். அந்த வரலாறு முழுக்க வண்டி நம்பரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மூன்று வருடமாக "பக்கச் சட்டத்தில் லேசான துரு" என்று எழுதியிருந்து நாலாவது வருடம் அது காணாமல் போயிருந்தால், வெட்டி மாற்றினார்களா, பட்டி வைத்தார்களா என்று கேட்கத் தெரியும். நம் ஊரில் அப்படி ஒரு பதிவு கையில் கிடைக்காது, ஆகவே நாமே ஒரு நோட்டு போட்டு எழுதி வைப்பதுதான் வழி. எங்கள் வண்டிக்கு அப்பச்சி ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறார், பெட்ரோல் போட்டதிலிருந்து புஷ் மாற்றியது வரை தேதி போட்டு. விற்பவரிடம் இப்படி ஒரு நோட்டு இருந்தால் எஃப்.சி.யைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

பழைய வண்டிகளை எப்படி நடத்துவது என்பதில் நாடுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இங்கிலாந்தில் 40 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆய்வே கட்டாயமில்லை, ஆனால் ஒழுங்கான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உடையவர் மேல் அப்படியே இருக்கிறது. ஜெர்மனியில் 30 வயதான காருக்கு எச் எழுத்துப் போட்ட சிறப்பு நம்பர் உண்டு, 1997இலிருந்து கொடுக்கிறார்கள், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக்குப் போயே தீர வேண்டும். என் மனசு ஜெர்மனி பக்கம்தான். குறைவாக ஓடுகிற வண்டி பத்திரம் என்பது பாதி உண்மை, நின்றே கெட்டுப்போகிற பாகங்கள் ஏராளம்.

ஜெர்மனியில் எந்த மாடல் எத்தனை சதவீதம் ஆய்வில் தேறவில்லை என்று வருடாவருடம் பட்டியலும் வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்து "இந்தக் கார் நம்பகமானது" என்று முடிவு கட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல்பு எரியாததும், தேய்ந்த டயரும் அந்தக் கணக்கில் சேரும். அதெல்லாம் காரின் குறை இல்லை, கவனிக்காதவரின் குறை. ஆசையாக வளர்க்கிற ஓப்பன் கார்கள் ஆய்வுக்குப் போவதற்கு முன்பே எல்லாம் சரிசெய்யப்பட்டுத்தான் போகும். அதனால் நல்ல எண் வந்தால் அதில் காரின் பங்கு எவ்வளவு, வீட்டுக்காரரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

நம் நாட்டில் 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்குக் கொண்டுபோக, இந்த மாதிரிக் காரியங்களுக்குத்தான். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடவும் கூடாது. சும்மா சாயங்காலம் பிள்ளையார்பட்டி போய் வர ஆசைப்பட்டால் சாதாரணப் பதிவையே ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்வதுதான் தோது. கட்டணம்தான் கசக்கும்: 2022 ஏப்ரலில் 15 வயதைத் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது, இறக்குமதி காருக்கு 40,000. அதற்கப்புறமும் ரொம்பப் பழைய வண்டிகளுக்கு ஏற்றியிருக்கிறார்கள், போவதற்கு முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டிநாட்டுக் காய்ந்த சூடு தகட்டுக்கு நல்லது, ரப்பருக்குக் கெடுதல். கதவு பீடிங், மடக்கு டாப்பின் துணி, பெட்ரோல் ஹோஸ் எல்லாம் வெடித்துவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அந்தக் காலத்து ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனால் தாங்குகிற ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றிவிடுவது ஒன்றுதான் வழி, ஏனென்றால் சூடான என்ஜினுக்கு மேல் பெட்ரோல் சொட்டினால் பேச்சுக்கே இடமில்லை. சென்னையில் கடற்கரைப் பக்கம் இருந்த வண்டிக்கு இதற்கு நேர்மாறு, ரப்பர் ஓரளவு தப்பித்திருக்கும், உப்புக் காற்று தகட்டைத் தின்றிருக்கும்.

தேவகோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம், நானும் தம்பியும் எங்கள் மெக்கானிக் அண்ணனும். வண்டி முகப்புக்கு முன்னால் நின்றது. அழகான வண்டி, மறுப்பதற்கில்லை. வெள்ளிச் சாம்பல் நிறம், உள்ளே நீலத் தோல் சீட், செல்ஃப் போட்டதும் எடுத்தது. வீட்டுக்காரர் ஆர்.சி.யைக் கொண்டுவந்து காட்டினார், தம்பி சொன்னபடி மூன்று வருடம் பாக்கி. நல்ல மனிதர், எதையும் மறைக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. வண்டியை வாங்கும்போதே இப்படித்தான் பெயிண்ட் அடித்திருந்தது என்றார்.

ஓட்டிப் பார்த்தோம், பிரேக் நேராகப் பிடித்தது. பிரேக் ஆயில் காப்பிக் கஷாய நிறத்தில் இருந்தது, அது சின்ன வேலை. கம்பளத்தைத் தூக்கினேன், காய்ந்துதான் இருந்தது, ஆனால் அடியில் புதுசாகக் கறுப்பு பூசியிருந்தார்கள். காந்தம் டிரைவர் பக்கச் சட்டத்தில் முன்பக்கம் பிடித்தது, நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வழுக்கியது, பின்பக்கம் மறுபடி பிடித்தது. தம்பி முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு பின்சக்கரத்தைத் தூக்கினோம். அண்ணன் கதவைத் திறந்து மெதுவாகத் தள்ளினார். அது பாதி வந்து பூட்டுக்கு மேலே இடித்து நின்றுவிட்டது.

"இதுக்கு எப்படி எஃப்.சி. குடுத்தாங்க?" என்று தம்பி கேட்டான். நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது கதவு மூடுகிறது, பிரேக் பிடிக்கிறது, லைட் எரிகிறது, மேலே நின்று பார்க்கிறவருக்கு வேறென்ன தெரியும் என்றார் அண்ணன். இரண்டு பக்கச் சட்டத்தையும் வெட்டி, உள்ளே குறுக்குக் கம்பி வெல்டு வைத்து வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு, புதுத் தகடு வைக்க எவ்வளவு ஆகும் என்று அவர் ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்ட விலையில் கழித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.